தீர் என்ற சொல்

ஊழியத்துக்குப் போகிறவனிடம், போகிற ஊரின் பாஷையைப் படித்துக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு வாயைத் திறக்காதே என்று ஒருத்தரும் சொல்வதில்லை. எங்களுக்கும் சொல்லவில்லை.

1937ஆம் வருஷம் பாளையங்கோட்டையிலிருந்து மூன்று பேர் புறப்பட்டு, கொழும்பில் மொரீஷியஸுக்குக் கப்பல் ஏறினோம். இரண்டு மாத ஊழியம். கரும்புத் தோட்டத்துத் தமிழர்களுக்கு வைத்தியமும் பார்ப்பது, சுவிசேஷமும் சொல்வது. டாக்டர் தவசிமுத்து எங்களுக்குத் தலைவர். நான், ஆசீர்வாதம், அவருடைய கம்பவுண்டர். மூன்றாமவர் உபதேசியார். கப்பலிலேயே வயிறு கெட்டு, போர்ட் லூயிஸில் பாதிரியார் வீட்டில் படுத்தவர், திரும்பும் நாள் வரை அங்கேயே கஞ்சி குடித்துக்கொண்டு கிடந்தார். கொடுத்து வைத்தவர்.

எங்களை கான் தெ மாஸ்க் என்ற ஊருக்கு அனுப்பினார்கள். நாலு பக்கமும் கரும்பு, சற்று எட்டத்தில் சர்க்கரை மில், நடுவில் ஒரு தகரக் கூரைப் பள்ளிக்கூடம், அதுதான் எங்கள் ஆஸ்பத்திரி. ஜனங்கள் தமிழர்கள்தான். ஆனால் கோயிலில் பாடும்போதும், அம்மா மாமா என்று கூப்பிடும்போதும்தான் தமிழ் வரும், மற்றதெல்லாம் கிரியோல் என்ற பிரெஞ்சுக் கலப்புப் பாஷை. நடுவயது தாண்டியவர்கள் பாதிக்குப் பாதி பேசுவார்கள். அவர்கள் தமிழில் 'நீங்கள்' என்பதே கிடையாது. அது அவர்கள் தாத்தாக்கள் வந்த கப்பலிலேயே கடலில் விழுந்துவிட்டது போலிருக்கிறது. தொக்தேர் என்று கூப்பிடும் டாக்டரையும் நீ என்பார்கள், வெள்ளைக்காரப் பாதிரியையும் நீ என்பார்கள்.

எங்கள் பேச்சை மாற்றிச் சொல்ல மார்லென் என்ற உள்ளூர் டீச்சர் இருந்தாள். கிறிஸ்தவக் குடும்பம், தமிழ் வம்சம், நிதானமான பெண். டாக்டருக்கு அவளை வைத்துக்கொண்டு பேசுவது பிடிக்கவில்லை.

"வைத்தியன் நோயாளிகிட்ட நேரா பேசணும்வே," என்பார் என்னிடம். "நடுவுல ஒரு ஆள் நின்னா வலி எங்க இருக்குன்னே தெரியாது."

டாக்டரின் கை ராசியான கை. அது பொய்யில்லை. உடைந்த எலும்பை அவர் தொட்டதும் கத்திக்கொண்டிருந்தவன் அடங்குவான். பிடிவாதமும் அதே அளவு உண்டு. முதல் வாரத்திலேயே அவருக்கு ஒரு வார்த்தை கிடைத்தது. தீர். கிரியோலில் எடு, கழற்று, இழு, பிடுங்கு எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. தீர் சிமிஸ் என்றால் சட்டையைக் கழற்று. தீர் லாலாங் என்றால் நாக்கை நீட்டு. முள்ளோ பல்லோ எதுவானாலும் தீர் லி, அதை எடு. அந்த லி இருக்கிறதே, அது அதுவும்தான், அவனும்தான், அவளும்தான். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு மனுஷர் நாள் முழுக்க வைத்தியம் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே அவருக்கு மிஸ்யே தீர் என்று பேர் வைத்துவிட்டார்கள். தீர் ஐயா என்று அர்த்தம். அவருக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதையே பிரசங்கமாக்கினார். "ஒங்க பாஷையிலயும் தீர், நம்ம பாஷையிலயும் தீர். நோய் தீரும், வினை தீரும். கர்த்தர் ஒரே சொல்லை ரெண்டு பாஷையிலயும் வச்சிருக்கார், பாத்தீங்களா." பின்னால் நின்ற எனக்கே அது அழகாகத்தான் பட்டது.

அன்று மத்தியானம் மலைப் பக்கமிருந்து துப்பாக்கிச் சத்தம் கேட்டது. டாக்டர் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார்.

"மில்லு ஆளுங்க, மான் வேட்டே," என்றாள் மார்லென். "தொக்தேர், சுடுறதுக்கும் தீர்தான் சொல்லுவோம். துப்பாக்கி தீர். நீ கொஞ்சம் பாத்து சொல்லு."

"நமக்கு எதுக்கும்மா துப்பாக்கி? நம்ம கையில இருக்கது கத்தரிக்கோல்," என்று சிரித்துவிட்டு அவர் ரசத்துக்குக் கை நீட்டினார்.

ஐயாசாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரும்பு வெட்டுகிறவன், குள்ளம், வாய் மட்டும் ஆறடி. முதல் தடவை அவனை அவன் பெண்சாதி சின்னம்மாதான் பிடித்து இழுத்து வந்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. டாக்டர் தீர் சிமிஸ் என்றார். கழற்ற முடியவில்லை, வெந்நீர் ஊற்றி ஊற்றி நான்தான் உரித்தேன். முதுகு முழுக்கப் பிரம்பு கிழித்திருந்தது. ஒரு விலா எலும்பு அசைந்தது.

"யாருப்பா அடிச்சது?" என்றார் டாக்டர்.

"மில்லு."

"மில்லு அடிக்குமா?"

"அதுக்குக் கை நெறைய இருக்கு, தொக்தேர். நேத்து வந்தது சர்தார் கை." சர்தார் என்றால் அங்கே கங்காணி.

டாக்டர் களிம்பு போட்டுக்கொண்டே, இயேசுவையும் இப்படித்தான் வாரினால் அடித்தார்கள் என்று ஆரம்பித்தார். ஐயாசாமி குப்புறப் படுத்தபடி கேட்டான்: "அவருக்கு யாரு மருந்து போட்டா?"

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவருக்கு அவன்மேல் தனிப் பிரியம். அவனும் ஏதாவது சாக்கில் வருவான். மொதல்ல மருந்து குடு, ஏசு அப்புறம் என்பான். சின்னம்மா அவன் தோளில் நிமிண்டுவாள். அவனைவிட ஒரு பிடி உயரம் அவள். அவன் கடைசி வரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. டாக்டரும் அதைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அறுவடை நடுவில் மில்காரர்கள் கரும்பின் விலையைக் குறைத்தார்கள். வெட்டுக் கூலியும் குறையும் என்றார்கள். ஜனங்கள் வெட்ட மாட்டோம் என்று உட்கார்ந்தார்கள். உட்கார்ந்தவர்கள் உட்கார்ந்தே இருக்கவில்லை. கரும்பு ஏற்றிப் போன வண்டிகளை மறித்தார்கள், ஓட்டியவனை அடித்தார்கள், கோவேறு கழுதையின் காலை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு வண்டிக்காரன் காது அறுந்து கன்னத்தில் தொங்க எங்களிடம் வந்தான். டாக்டர் தைத்தார், நான் விளக்குப் பிடித்தேன். மில்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஆட்கள் தோட்டத்து ஜனங்களின் லைன் வீடுகளுக்குள் புகுந்து, பெண்கள் பிள்ளைகள் என்று பாராமல் விளாசினார்கள். மான் சுடுகிற துப்பாக்கிகளைக் காவல்காரர்கள் கையில் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் நல்லவர்கள் என்று சொல்லி என்னால் சமாளிக்க முடியாது. முதல் அடி யார் கையிலிருந்து விழுந்தது என்பதை ஐயாசாமியின் முதுகில் நான் பார்த்திருக்கிறேன்.

அந்த நாள் காலையில் தூறல். ஜனங்கள் கும்பலாக மில்லுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். கொஞ்ச நேரத்தில் வெடிச் சத்தம். மலைப் பக்கமிருந்து இல்லை. டாக்டர் மருந்துப் பெட்டியைத் தூக்கினார், காக்கித் தொப்பியை மாட்டினார். நானும் மார்லெனும் ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினோம்.

மில் முற்றத்தில் பாகு வாடையும் ரத்த வாடையும் ஒன்றாக அடித்தது. இன்றைக்கும் என்னால் வெல்லம் தின்ன முடியாது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பெண் வயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்த நிலையிலேயே செத்துப் போயிருந்தாள். ஒருத்தனுக்குக் கீழ்த்தாடையே இல்லை. கண் மட்டும் எங்களைப் பார்த்தது. மில் ஆட்கள் ஆபீஸ் மாடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். கும்பல் வேலிக்கு வெளியே சிதறி, கல்லைப் பொறுக்கிக்கொண்டு மறுபடி சேர்ந்துகொண்டிருந்தது. மார்லென் ஒருத்தன் கழுத்தில் இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு மண்டியிட்டாள். அவள் விரல் இடுக்கில் ரத்தம் பொங்கியது.

அப்போதுதான் சின்னம்மா ஓடி வந்து டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "உசிரோட இருக்கான். வா. சீக்கிரம் வா."

கரும்பு நிறுக்கும் இடத்தில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. வெடிச் சத்தத்தில் மிரண்ட கழுதை சாய்த்துவிட்டது. அடியில் ஐயாசாமி. இடுப்புக்குக் கீழே பாரம் முழுக்க அவன்மேல். கையில் வெட்டுக் கத்தியோடு, கரும்புக் கட்டின் கயிற்றை அறுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், நடுவே மில்காரன் பரம்பரையை வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு நாலடி தள்ளி மில் காவல்காரன் க்ளோட் நின்றான். நல்ல வாட்டசாட்டமான ஆள், ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல். மற்றவர்கள் மாடிக்கு ஓடும்போது இவன் மட்டும் விடுபட்டுவிட்டான். கல் பட்டு நெற்றி பிளந்து ஒரு கண்ணில் ரத்தம் வழிந்தது. துப்பாக்கியை அந்தக் கத்திக்கு நேரே நீட்டியிருந்தான். குழல் நடுங்கியது.

"தொக்தேர், கொஞ்சம் நில்லு. நானும் வரேன்," என்று மார்லென் அங்கிருந்து கூப்பிட்டாள்.

"நீ அவனை விடாத. விட்டா செத்துருவான். எனக்குப் பாஷை தெரியும்," என்று டாக்டர் திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

அவர் சொன்னதில் முதல் பாதி நிஜம்.

டாக்டர் குனிந்து ஐயாசாமியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் தெளிந்தது. "இடுப்பு தப்பிச்சிருக்குவே. கால் போனாலும் போகும், ஆள் பொழைச்சுக்கிடுவான். தூக்கணும், இப்பவே."

ஐயாசாமி அவரைப் பார்த்துப் பல்லைக் காட்டினான். "வந்தாச்சா, மிஸ்யே தீர்," என்றான்.

டாக்டரும் நானும் வண்டியின் ஒரு பக்கம் தோளைக் கொடுத்தோம். சின்னம்மா அந்தப் பக்கம் சக்கரத்தைப் பிடித்தாள். மூச்சைப் பிடித்து நெம்பினோம். வண்டி ஒரு சாண் எழும்பியது. அவ்வளவுதான் எங்களால் முடிந்தது, அதையும் ரொம்ப நேரம் தாங்க முடியாது. இன்னொருத்தன் அவனை வெளியே இழுத்துப் போட வேண்டும். கை சும்மா இருந்தவன் க்ளோட் ஒருத்தன்தான். அவன் கை சும்மாவும் இல்லை.

டாக்டர் தலையைத் திருப்பி, நரம்பு புடைக்க அவனைப் பார்த்துக் கத்தினார். "தீர் லி. தீர் லி."

க்ளோட் டாக்டரைப் பார்த்தான். காக்கித் தொப்பி, வெள்ளைச் சட்டை, அதிகாரமான குரல். அவன் முகத்தை நான் பார்த்தேன். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவனுக்குக் கடைசியில் ஒருத்தர் சொல்லிவிட்ட நிம்மதி அது. அவன் சுட்டான்.

வண்டி எங்கள் தோளிலிருந்து நழுவி விழுந்தது. அது விழுந்ததால் ஐயாசாமிக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அவன் நெஞ்சு இருந்த இடத்தில் அப்போது நெஞ்சு இல்லை. சின்னம்மா சக்கரத்தைப் பிடித்த கையோடு சரிந்து உட்கார்ந்தாள். அவள் கையிலும் ரவை பட்டுச் சதை கிழிந்து ரத்தம் கொட்டியது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. டாக்டரைத்தான் பார்த்தாள்.

டாக்டர் அந்தக் குழலைப் பார்த்தார், பிறகு தன் வாயைத் தொட்டுக்கொண்டார். அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை, துப்பாக்கி பிடித்தவன் காதில் தீர் லி என்றால் அவனைச் சுடு என்றுதான் விழும் என்று மார்லென் சொல்லித்தான் தெரிந்தது. அம்பா சாரெட், வண்டிக்கு அடியிலிருந்து. அந்த இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஊரில் எந்த மடையனுக்கும் விளங்கியிருக்கும்.

கும்பல் வேலியைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே வந்தது. க்ளோட் துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு டாக்டர் பக்கம் கையை நீட்டி நீட்டி ஒரே வாக்கியத்தைச் சொன்னான். அந்த மிஸ்யே சொன்னார், அந்த மிஸ்யேதான் சொன்னார். மருந்து போட வந்த மனுஷர்மேல் பழி போடுகிறான் என்று ஜனங்களுக்கு வெறி இரண்டு மடங்கு ஆனது. முதல் கல் அவன் வாயில் விழுந்தது. அடுத்து ஒருத்தன் வெட்டுக் கத்தியால் நீட்டிய கையையே வெட்டினான். மணிக்கட்டு தொங்கியது. அவன் முழங்காலில் விழுந்தான்.

டாக்டர் ஓடிப்போய் அவன்மேல் கவிழ்ந்து படுத்தார். "நான்தான் சொன்னேன். அவனை விடுங்க. நான்தான்யா சொன்னேன்." தமிழில் கத்தினார். அந்த அவசரத்தில் கற்றுவைத்திருந்த பாஷையில் ஒரு சொல்கூட அவருக்கு வரவில்லை. அந்தக் கும்பலில் தமிழ் புரிந்தவன் எவன், புரிந்தாலும் கேட்கிற நிலையில் இருந்தவன் எவன்?

யாரோ ஒருத்தன் குரல் கொடுத்தான்: "தீர் தொக்தேர்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். சுடப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். உதட்டில் ஜெபம் ஓடியதை நான் பார்த்தேன். சொல்லப்போனால் அந்த முகத்தில் பயமே இல்லை, அப்படியாவது முடியட்டும் என்பது போல இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது டாக்டரை அப்புறப்படுத்து என்பதைத்தான். இரண்டு பேர் அவரைக் குழந்தையைத் தூக்குவது போல அக்குளில் கை கொடுத்துத் தூக்கி, பத்திரமாக என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒருத்தன் கீழே கிடந்த தொப்பியைத் தட்டி அவர் தலையில் வைத்தான். பிறகு திரும்பிப் போய் க்ளோட்டை வெட்டினார்கள்.

டாக்டரை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். போலீஸ் வந்து வானத்தைப் பார்த்துச் சுட்ட பிறகுதான் கும்பல் கலைந்தது. க்ளோட்டுக்கு அப்போதும் மூச்சு இருந்தது. டாக்டர் அவன் கழுத்தைக் கட்டினார், வயிற்றைக் கட்டினார், கட்டத் துணி போதாமல் தன் சட்டையைக் கிழித்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கி வைக்கும்போது அவன் போய்விட்டான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு என்று மார்லென் சொன்னாள். அவள் பிடித்திருந்த ஆளும் பிழைக்கவில்லை.

மறுநாள் டாக்டர் தானாகவே போய் விசாரணை அதிகாரியிடம் எல்லாம் சொன்னார். நானும் கூடப் போனேன். வெள்ளைக்காரத் துரை பொறுமையாகக் கேட்டார். உங்கள் உத்தேசம் இழு என்பதுதானே, அப்புறம் என்ன, காவல்காரன் கத்தியைப் பார்த்துப் பயந்து சுட்டான், அவனும் செத்துவிட்டான், விஷயம் முடிந்தது என்றார். டாக்டர் தண்டனை கேட்டுப் போனார். அவருக்குக் கிடைத்தது ஒரு கோப்பை தேநீர். எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கோப்பையை எடுத்து அந்த மேஜைமேலேயே உடைத்திருப்பேன். டாக்டர் குடித்துவிட்டு எழுந்தார்.

அவரைக் கொலைகாரர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கை நீளும். அவர்மேல் ஒரு பாவமும் இல்லை என்று சொன்னாலும் நீளும். ஊருக்குத் திரும்பிய பின் இரண்டு விதமாகவும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நோயாளிகள் வந்தார்கள். முன்னைவிட அதிகம் வந்தார்கள், காயம் அத்தனை இருந்தது. அவர் தன் சட்டையைத் தொட்டுக் காட்டுவார், அவர்கள் கழற்றுவார்கள். தன் நாக்கை நீட்டிக் காட்டுவார், அவர்கள் நீட்டுவார்கள். இப்போது சிரிக்க யாருமில்லை. மிஸ்யே தீர் என்ற பேரையும் யாரும் சொல்லவில்லை.

ஐயாசாமியை எரித்த மறுநாள் சின்னம்மா வந்தாள். மார்லென் தாங்கிக் கூட்டி வந்தாள். கை தோளிலிருந்து முழங்கை வரை வீங்கிக் கருத்திருந்தது. உள்ளே மான் ரவைகள். சுற்றியிருந்த துணியை அவிழ்த்தபோது சீழ் வாடை அறை முழுக்க அடித்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் கையை எடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்கே தெரிந்தது.

டாக்டர் இடுக்கியைக் கையில் எடுத்தார். அந்தக் கை ஆடியது. அத்தனை வருஷத்தில் அந்தக் கை ஆடி நான் பார்த்ததில்லை. இடுக்கியைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார்.

"நான் எடுக்கட்டுமா, ஐயா?" என்றேன்.

"நீ வேணாம்," என்றாள் சின்னம்மா என்னிடம். "தொக்தேர் எடுக்கட்டும்."

"சின்னம்மா, நான் அவனை வெளியே இழுக்கத்தான்..." என்று டாக்டர் ஆரம்பித்தார்.

"தெரியும். நான் அங்க இருந்தேன். நீ என்ன நெனச்சே, எனக்குத் தெரியும். அந்தக் க்ளோட் காதுல என்ன விழுந்துச்சு, அதுவும் தெரியும்." அவள் அழவில்லை. "ஒன் மேல கோவம் இருக்கு, தொக்தேர். நான் சாகிற வரைக்கும் இருக்கும். ஆனா என் வீட்டுக்காரன் ஒன் கையே நல்ல கைன்னு சொல்லிட்டே இருப்பான்."

அவள் வீங்கிய கையை மேஜைமேல் தூக்கி வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"தீர் லி," என்றாள். டாக்டருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. ஏதோ சொல்ல வந்தவரை அவள் தலையை அசைத்து நிறுத்தினாள். "வாயத் தொறக்காத. கையால தீர்."

டாக்டர் உதட்டை இறுக மூடிக்கொண்டு இடுக்கியை எடுத்தார்.